பரோசாவா, மெக்லாரன் வேலா? அடிலெய்டில் ஒயினுக்காக எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவது

ஊரிலிருந்து யாராவது அடிலெய்டுக்கு டிக்கெட் போட்டால், அவர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி வந்துவிடும். "ஒயின் தோட்டம் பார்க்கணும், ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். கடல் பக்கம் போறதா, உள்ளே போறதா?" கடல் பக்கம் என்றால் மெக்லாரன் வேல்: நகரத்திலிருந்து தெற்கே முக்கால் மணி நேரம். உள்ளே என்றால் பரோசா: வடகிழக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரண்டும் எதிரெதிர்த் திசை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வரைபடத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அப்படிப் போய் வந்த ஒருவர்கூட இரண்டையும் பார்த்ததாகச் சொன்னதில்லை. நெடுஞ்சாலையைப் பார்த்ததாகத்தான் சொன்னார்கள்.

இந்த இரண்டு ஊர்களையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒயினை வைத்தே ஒப்பிடுவார்கள். இங்கே ஷிராஸ் இப்படி, அங்கே கிரெனாஷ் அப்படி என்று (இரண்டும் சிவப்பு ஒயினுக்கான திராட்சை வகைகள்). என்னிடம் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: காரில் மொத்தம் எத்தனை பேர், அதில் குடிப்பவர்கள் எத்தனை பேர்? அந்தப் பதில் வந்ததுமே பாதி முடிவு வந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் அதுதான், கூட வருபவர்கள். கணவன் மனைவி இருவருக்குமே ஒயினில் ஆர்வம் என்றால் அது ஒரு பயணம். அம்மா, மாமியார், பத்து வயதுப் பையன், சைவம் மட்டும் சாப்பிடும் சித்தப்பா என்று ஏழு பேர் ஒரு வேனில் போனால் அது முற்றிலும் வேறு பயணம்.

இரண்டாவது, வண்டி ஓட்டப்போவது யார். இது பலருக்கும் கடைசி நிமிடத்தில்தான் நினைவுக்கு வரும். கீழே தனியாகவே எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது, எந்த மாதம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கொளுத்தும் கோடை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிரும் மழையும். அறுவடை பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் வரை நீளும். கம்பம் பள்ளத்தாக்கில் எப்போது போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பன்னீர் திராட்சை குலை தொங்கும். அந்த நினைப்பில் ஜூலையில் வந்து இறங்கினால் இங்கே மொட்டைக் கொடிகளைத்தான் பார்ப்பீர்கள். பந்தலும் கிடையாது. இடுப்பு உயரக் கம்பிகளில் படரவிட்ட வரிசைகள், அல்லது கம்பியே இல்லாமல் குத்துச்செடி போல நிற்கும் பழைய கொடிகள்.

அப்புறம் இரவு தங்குவீர்களா, அன்றே திரும்புவீர்களா என்பது. கடைசியாகத்தான் உங்கள் நாக்குக்கு எந்த ஒயின் பிடிக்கும் என்பது. அதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

## கடல் என்றால் லேசான ஒயினா?

கடற்காற்று பட்ட திராட்சையில் மெல்லிய ஒயின் வரும், உள்நாட்டு வெயிலில் கனமான ஒயின் வரும் என்று ஒரு பொது நம்பிக்கை உண்டு. உலகின் பல இடங்களுக்கு அது பொருந்தும். அடிலெய்டைச் சுற்றி அப்படியே பொருந்தாது.

மெக்லாரன் வேல் செயின்ட் வின்சென்ட் வளைகுடாவை ஒட்டியது. கடல்நீர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். அதனால் பகலில் பிற்பகல் கடற்காற்று வந்து வெப்பத்தைக் குறைக்கும், இரவிலோ காற்று ரொம்பவும் குளிர்ந்துவிடாது. கிழக்கே இருக்கும் மலைத்தொடரிலிருந்து இரவில் இறங்கும் காற்று வேறு உண்டு. இவ்வளவும் இருந்தும் இது வெதுவெதுப்பான பகுதிதான். இங்கே வரும் ஷிராஸ் நாவல்பழச் சாறு போலக் கறுத்து, வாயை நிறைக்கும். "கடலோர ஒயின்தானே, லேசாக இருக்கும்" என்று நினைத்து வெறும் வயிற்றில் உட்கார்ந்தால் இரண்டாவது இடத்திலேயே தலை சுற்றும்.

பரோசா பள்ளத்தாக்கின் தரை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 250 முதல் 300 மீட்டர் உயரம். கோடையில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் வரும், இரவில் நன்றாக இறங்கும். இங்குள்ள ஷிராஸ் இன்னும் அடர்த்தி. 14.5 சதவீத ஆல்கஹால் என்பது சர்வசாதாரணம். ஆனால் அதே பரோசாவின் கிழக்கு விளிம்பில் ஈடன் வேலி என்று ஒரு மேட்டுப்பகுதி இருக்கிறது. உயரம் 400 முதல் 500 மீட்டருக்கும் மேல். அங்கே விளையும் ரீஸ்லிங், எலுமிச்சையைக் கீறியது போலப் புளிப்பும் சுத்தமுமான வெள்ளை ஒயின். பத்து வருடம் வைத்திருந்தால் அதில் லேசாக மண்ணெண்ணெய் வாடை வரும். குறை என்று நினைத்துவிடாதீர்கள், அதற்காகவே காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, குளிர்ச்சியான வெள்ளை ஒயின் வேண்டுமென்றால் கடலை விட்டு உள்ளே போய் மேலே ஏற வேண்டும். நினைத்ததற்கு நேர்மாறு. இதனால்தான் ஒயினின் எடையை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்கிறேன்.

## மெக்லாரன் வேல்: குடிக்காதவருக்கும் நாள் வீணாகாது

தெற்கு விரைவுச்சாலையில் போய்க்கொண்டே இருந்தால் வீடுகள், வீடுகள், அப்புறம் சட்டென்று வீடுகள் நின்று கொடி வரிசைகள் தொடங்கும். தற்செயலாக அமைந்ததில்லை. 2012இல் தெற்கு ஆஸ்திரேலிய அரசு மெக்லாரன் வேலுக்கும் பரோசாவுக்கும் தனித்தனிச் சட்டம் போட்டு, விளைநிலத்தை மனைகளாகக் கூறுபோடுவதைத் தடுத்தது. இல்லாவிட்டால் முதலில் காணாமல் போயிருப்பது நகரத்தை முட்டிக்கொண்டு நிற்கும் இந்தப் பகுதிதான்.

இங்கே எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒரு செல்லர் டோரிலிருந்து இன்னொன்றுக்குப் பல நேரம் ஐந்து பத்து நிமிடம்தான். செல்லர் டோர் என்பது தோட்டக்காரரே நடத்தும் சுவைக்கூடம். உட்கார வைத்து நாலைந்து ஒயினைச் சிறிய அளவில் ஊற்றி, ஒவ்வொன்றையும் பற்றிப் பேசுவார்கள். பிடித்தால் பாட்டில் வாங்கலாம். கட்டாயமில்லை.

டாரன்பெர்க் தோட்டத்தின் கியூப் கட்டடத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கொடிகளுக்கு நடுவில் யாரோ ரூபிக் கியூபைத் திருகி வைத்துவிட்டு மறந்துபோனது போல ஐந்து மாடி. 1912இல் தொடங்கிய குடும்பத் தோட்டம். கட்டடம் 2017 டிசம்பரில் திறந்தது. உள்ளே அருங்காட்சியகம் என்ற பெயரில் விசித்திரமான அறைகள். தனியாக நுழைவுக் கட்டணம் உண்டு. எனக்கு அந்தக் கட்டடம் கொஞ்சம் ஓவர்தான். ஆனால் பத்து வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போனால் அவன் அலுக்காமல் சுற்றும் ஒரே ஒயின் தோட்டம் அதுவாகத்தான் இருக்கும்.

இந்தப் பக்கத்தின் உண்மையான பலம் ஒயினில் இல்லை, பத்துப் பதினைந்து நிமிடத் தொலைவில் இருக்கும் கடலில் இருக்கிறது. போர்ட் வில்லங்காவைச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் உள்ளூர் கற்பலகையும் தானியமும் ஏற்றிய துறைமுகம். துறைமேடை போய்விட்டது, அதன் மரத்தூண்கள் மட்டும் கறுத்துப்போய், சாய்ந்து, தண்ணீருக்குள் வரிசையாக நிற்கின்றன. 1888இல் ஸ்டார் ஆஃப் கிரீஸ் என்ற கப்பல் இந்தக் கரைக்கு வெகு அருகில் புயலில் உடைந்தது. கரையில் கூடியவர்களால் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது. மணற்பாறைச் செங்குத்தில் மீனவர்கள் குடைந்த குகைகள் இருக்கின்றன, முன்பு படகும் வலையும் வைத்த இடங்கள். உள்ளே போனால் வெயில் பட்டென்று அறுந்து, சுவர் ஈரமாகச் சில்லென்றிருக்கும்.

போன வருடம் வந்த ஒரு நண்பனின் அம்மாவுக்கு ஒயின் வாடையே ஆகாது. அவரை அந்தக் குகை ஒன்றின் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். பிளாஸ்கில் டீ, மடியில் முறுக்கு டப்பா. மருமகள் கூட இருந்தாள். நாங்கள் இரண்டு இடம் போய் வந்தபோது அம்மா சேலையை முழங்கால் வரை தூக்கிச் சொருகிக்கொண்டு அலையில் நின்றுகொண்டிருந்தார். "ஏன்டா இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்க?" என்றார். பரோசாவில் இந்தக் காட்சிக்கு வாய்ப்பே இல்லை.

சாப்பாட்டிலும் சைவக்காரர்களுக்கு இந்தப் பக்கம் எளிது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்து குடியேறிய இத்தாலியர்களின் கை இந்த ஊர் அடுப்பில் நன்றாகத் தெரியும். பாஸ்தா, பீட்சா, ஆலிவ், உள்ளூர் பாதாம். சாஞ்சியோவேசி, ஃபியானோ போன்ற இத்தாலியத் திராட்சை வகைகளும் இங்கே நன்றாக வருகின்றன. சாப்பாட்டோடு குடிக்க அவை ஷிராஸைவிட இதம். ஆனால் இந்த ஊரில் ஒன்றே ஒன்று குடிக்க வேண்டுமென்றால் கிரெனாஷ் குடியுங்கள். நிறம் வெளுப்பாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

குறைகளும் உண்டு. கோடை வார இறுதிகளில் அடிலெய்டு நகரமே கடற்கரைக்கு இறங்கும். வண்டி நிறுத்த இடம் தேடியே அரை மணி போகும். ஜனவரியில் டூர் டவுன் அண்டர் சைக்கிள் பந்தயம் நடக்கும்போது வில்லங்கா மலைப்பாதையில் ஓட்டம் இருந்தால் சாலைகளை அடைத்துவிடுவார்கள். குளிர்காலத்திலோ கடற்காற்று எலும்பில் ஏறும், அப்போது கடல் பக்கம் போவதில் பாதி அர்த்தம் போய்விடும்.

## பரோசா: ஒயினுக்காகவே போகிறவர்களுக்கு

பரோசா என்ற பெயரே ஓர் எழுத்துப்பிழை. ஸ்பெயினில் 1811இல் நடந்த பர்ரோசா போரின் நினைவாக, அடிலெய்டு நகரத்தை வடிவமைத்த கர்னல் லைட் வைத்த பெயரை, எழுதியவர் ஓர் எழுத்து மாற்றிப் பதிந்துவிட்டார். அப்படியே நிலைத்துவிட்டது.

1842 முதல் அன்றைய பிரஷ்யாவின் சைலீசியாவிலிருந்து வந்த ஜெர்மன் லூத்தரன் குடும்பங்கள் பரோசாவின் பெத்தனியில் குடியேறின. அதனால் ஊருக்கு ஊர் கூரான கோபுரம் வைத்த தேவாலயம், பேக்கரியில் ஜெர்மன் தேன்-பாதாம் கேக், கறிக்கடையில் மெட்வுர்ஸ்ட் என்ற புகையூட்டிய தொத்திறைச்சி. சைவக்காரர் இங்கே பாலாடைக்கட்டியையும் ரொட்டியையும் நம்பித்தான் போக வேண்டும். ஆங்காஸ்டனில் நல்ல பாலாடைக்கட்டி கிடைக்கும் என்பது ஓர் ஆறுதல்.

ஆனால் பரோசாவுக்குப் போவது இதற்கெல்லாம் இல்லை. போவது கிழட்டுக் கொடிகளைப் பார்க்க. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபைலோக்செரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்தது. 1877இல் பக்கத்து விக்டோரியா மாநிலத்துக்கும் வந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இன்றுவரை நுழையவில்லை, கட்டுப்பாடு அவ்வளவு கடுமை. அதனால் உலகின் மிக வயதான ஷிராஸ் கொடிகளில் சில இங்கே சொந்த வேரில் நின்று இன்னும் காய்க்கின்றன. லாங்மைல் தோட்டத்தின் ஒரு பகுதி 1843இல் நட்டது, டர்க்கி ஃப்ளாட்டில் 1847. பக்கத்தில் நின்று பார்த்தால் கொடி என்றே சொல்லத் தோன்றாது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்து நட்டு வைத்தது போலத் தொடைப் பருமனில் ஓர் அடிமரம், பட்டை உரிந்து தொங்கும், நடுவில் கைவிடும் அளவுக்குப் பொந்து. அதன் உச்சியில் பச்சையாக நாலு தளிர். அந்த நாலு தளிரில் வரும் கொஞ்சம் பழத்துக்குத்தான் அந்த விலை.

2009இல் பரோசாக்காரர்கள் கொடிகளின் வயதுக்கு ஒரு வகைப்பாடே எழுதி வைத்தார்கள்: 35 வயது தாண்டினால் பழங்கொடி, 70 தாண்டினால் தப்பிப் பிழைத்தது, 100க்கு நூற்றாண்டுக் கொடி, 125க்கு மேல் மூதாதை. 'தப்பிப் பிழைத்தது' என்ற பெயர் பொருத்தம்தான். 1980களின் நடுவில் திராட்சைக்கு விலை விழுந்தபோது, கொடியைப் பிடுங்கினால் பணம் தருகிறோம் என்று அரசே அறிவித்தது. எத்தனையோ நல்ல கொடிகள் அப்போது போயின. பிடுங்க மனமில்லாமல் விட்டவர்களின் தோட்டத்தைத்தான் இன்று நாம் பணம் கொடுத்துச் சுற்றிப் பார்க்கிறோம்.

அடுத்தது செப்பல்ட்ஸ்ஃபீல்ட். 1851இல் தொடங்கிய இடம். சாலையின் இருபுறமும் ஆயிரக்கணக்கில் பனையினத்து மரங்கள், 1930களின் பெருமந்தத்தில் வேலையில்லாமல் போன தொழிலாளர்களை அனுப்பாமல் வைத்துக்கொள்ள நடவைத்தவை. 1878இல் பென்னோ செப்பல்ட் டாவ்னி என்ற இனிப்பு ஒயினில் ஒரு பீப்பாயை ஒதுக்கி, நூறு வருடத்துக்குத் தொடக்கூடாது என்று வைத்தார். அன்றிலிருந்து எல்லா வருடத்துக்கும் பீப்பாய் இருக்கிறது. முன்பதிவு செய்தால், நீங்கள் பிறந்த வருடத்துப் பீப்பாயிலிருந்து ஒரு சிறு கோப்பை தருவார்கள். என் வருடத்துக்குக் கருப்பட்டிப் பாகு காய்ச்சும்போது வரும் வாசனை. தேனைவிடக் கெட்டியாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. இனிப்பு ஒயின் பிடிக்காதவர்கள்கூட இதற்காக மட்டும் ஒரு தடவை பரோசா போகலாம். பிறந்த வருடம் முந்த முந்த, வாயில் அந்தச் சுவை நிற்கும் நேரமும் நீளும். அடுத்த தோட்டத்துக்கு உடனே கிளம்பாதீர்கள்.

சிக்கல் என்னவென்றால் இங்கே எல்லாம் சிதறிக் கிடக்கும். லிண்டாக், டானண்டா, நூரியூட்பா, ஆங்காஸ்டன் என்று நாலு ஊர். ஈடன் வேலியையும் சேர்த்தால் மலைப்பாதையில் இன்னும் அரை மணி. ஹில் ஆஃப் கிரேஸ் என்ற ஷிராஸுக்குப் பேர்போன ஹென்ச்கே தோட்டம் இருப்பது அந்த மேட்டில் கெய்னடனில்தான். ஒரே நாளில் போய் வருகிறவர்கள் மூன்று இடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். உண்மையைச் சொன்னால், பரோசா ஓர் இரவாவது தங்க வேண்டிய இடம். ஜூலை மாதத்து மாலையில், கணப்படுப்பு எரியும் அறையில், வெளியே பனி இறங்கும்போது ஒரு கனத்த ஷிராஸ். அதைக் கடற்கரையில் ஜனவரி வெயிலில் குடிப்பதும் இதுவும் ஒன்றாகுமா?

குடிக்காதவர்களுக்கு இங்கே என்ன இருக்கிறது? மெங்லர் மலையிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்கலாம், வில்லியம்ஸ்டவுன் பக்கம் அணையின் வளைந்த சுவரில் ஒரு முனையில் கிசுகிசுத்தால் மறுமுனையில் கேட்கும். பிள்ளைகளுக்கு அது பத்து நிமிட வேடிக்கை. மீதி நாலு மணி நேரம் அவர்கள் உங்கள் போனைத்தான் கேட்பார்கள்.

## யார் ஓட்டுவது

ஆஸ்திரேலியாவில் முழு உரிமம் வைத்திருப்பவருக்கு ரத்த ஆல்கஹால் வரம்பு 0.05. கற்பவர், தற்காலிக உரிமக்காரர் என்றால் பூஜ்யம். போலீஸ் எந்தச் சாலையிலும் எந்த நேரத்திலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம்.

"சும்மா ருசி பார்க்கிறதுதானே" என்பார்கள். கணக்குப் போடுவோம். ஒரு ஒயினுக்கு 25 மில்லி, ஐந்து ஒயின், மொத்தம் 125 மில்லி. 14.5 சதவீதம் என்றால் அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 14 கிராம். ஆஸ்திரேலியக் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 10 கிராம். ஆக ஒரு தோட்டத்திலேயே ஏறக்குறைய ஒன்றரை டிரிங்க். மூன்று தோட்டம் போனால் நாலுக்கு மேல். ஒல்லியான ஆள், வெயில், காலையில் வெறும் காபி என்றால் வரம்பைத் தாண்டுவது ரொம்ப எளிது. துப்பும் கிண்ணம் ஒவ்வொரு மேசையிலும் இருக்கும். அதில் துப்புவது மரியாதைக் குறைவு இல்லை, தொழில்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனாலும் நம்மவர்கள் யாரும் துப்பி நான் பார்த்ததில்லை. காசு கொடுத்ததைத் துப்புவதா என்ற மனசு.

குடிக்காத ஒருவர் குழுவில் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அவருக்கு மெக்லாரன் வேலில் கிடைக்கும் நாளையும் பரோசாவில் கிடைக்கும் நாளையும் நினைத்துப் பாருங்கள். அங்கே அவருக்குக் கடல் உண்டு. இங்கே அவர் சம்பளமில்லாத டிரைவர்.

யாருமே இல்லையென்றால் நகரத்திலிருந்து கிளம்பும் சிறு குழு வேன் சுற்றுலா இரண்டு பக்கமும் உண்டு. பரோசாவுக்கு அதுதான் என் பரிந்துரை, தூரமும் சிதறலும் அப்படி. பொதுப் போக்குவரத்தில் போக நினைத்தால் மெக்லாரன் வேல் கொஞ்சம் மேல்: சீஃபோர்டு வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸோ டாக்சியோ. பரோசாவுக்கு காலர் என்ற ஊர் வரைதான் ரயில், அதற்கப்பால் எப்போதாவது வரும் பஸ்ஸை நம்பித் தோட்டம் தோட்டமாகப் போக முடியாது. மெக்லாரன் வேலிலிருந்து வில்லங்கா வரை பழைய ரயில் தடத்தில் அழகான சைக்கிள் பாதை இருக்கிறது. போதையில் சைக்கிள் ஓட்டுவதும் குற்றம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

## சொல்லாமல் வரும் செலவுகள்

டேஸ்டிங் கட்டணம் பரவலாக ஆளுக்கு 10 முதல் 25 டாலர். பாட்டில் வாங்கினால் பல இடங்களில் கழித்துக்கொள்வார்கள். பரோசாவின் பழங்கொடி ஒயின்களுக்கும் பிறந்த வருடக் கோப்பைக்கும் இதைவிட எவ்வளவோ கூட. முன்பணம் கட்டிப் பதிந்த ஓர் இடத்துக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போய், மேசையும் போய் பணமும் போய் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. எந்த இடம் என்பது வேண்டாம், தப்பு என் மேல்தான்: காலை உணவுக்கு ஏழு பேரை ஒரே நேரத்தில் கிளப்ப முடியும் என்று நம்பியது.

கடல் பக்கத்தில் ஒரு பொறி. ஆல்டிங்காவிலும் சில்வர் சேண்ட்ஸிலும் காரை மணலிலேயே இறக்கி ஓட்டிப் போகலாம், உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் போவார்கள். நீங்கள் வாடகைக் காரில் இருந்தால் ஒப்பந்தத்தை ஒரு தடவை படியுங்கள். கடற்கரையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். மணலில் சக்கரம் புதைந்து, அலையும் ஏறி வந்தால் இழுவை வண்டிக்கும் உப்புநீர்ச் சேதத்துக்கும் உங்கள் கார்டுதான்.

உள்நாட்டுப் பக்கத்துப் பொறி கங்காரு. மாலை மங்கும் நேரத்தில் சாலையைக் குறுக்கே கடக்கும். ஈடன் வேலி பக்கம் போனால் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள்.

வாங்கிய பாட்டிலைக் கோடையில் கார் டிக்கியில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனால் ஒயின் வெந்துவிடும். தெர்மாகோல் பெட்டியோ ஐஸ் பெட்டியோ ஒன்று கூட இருக்கட்டும். இந்தியாவுக்குத் தீர்வையில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர்தான் கொண்டுபோகலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு போனால் சரி, மூன்றாவது வைத்தால் தாண்டிவிடும். பரோசாவில் பிரமித்துப்போய் ஆறு பாட்டில் வாங்கிவிட்டு என் வீட்டில் நாலை விட்டுச் சென்றவர்களுக்கு இந்த இடத்தில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

மெல்போர்னில் யார்ரா வேலித் தோட்டங்களைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு ஒன்று. அந்தப் பக்கம் 2006இல் ஃபைலோக்செரா கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஷூவோடு இங்கே கொடி வரிசைக்குள் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். 1843இல் நட்டதை உங்கள் செருப்பு மண் முடித்துவிடக் கூடாது.

## ஒரே பார்வையில்

| | மெக்லாரன் வேல் | பரோசா |
|---|---|---|
| அடிலெய்டிலிருந்து | தெற்கே முக்கால் மணி | வடகிழக்கே ஒரு மணி |
| தோட்டங்களுக்கு இடையில் | நெருக்கம் | சிதறல் |
| ஏற்ற காலம் | அக்டோபர் முதல் ஏப்ரல் | மார்ச் முதல் ஆகஸ்ட் |
| குடிக்காதவருக்கு | கடல், குகை, கியூப் | மலைக்காட்சி, பேக்கரி |
| சைவச் சாப்பாடு | எளிது | தேட வேண்டும் |
| விடக்கூடாத ஒயின் | கிரெனாஷ் | பழங்கொடி ஷிராஸ், ஈடன் வேலி ரீஸ்லிங் |
| அன்றே திரும்பலாமா | தாராளமாக | முடியும், ஆனால் அவசரம் |

## யாருக்கு எது

குடும்பமாக வருகிறீர்கள், பாதிப் பேர் குடிப்பதில்லை, ஒரே நாள், கோடை: யோசிக்காமல் மெக்லாரன் வேல். காலையில் இரண்டு தோட்டம், மதியம் நல்ல சாப்பாடு, மூன்று மணிக்கு மேல் போர்ட் வில்லங்கா.

இருவர் மட்டும், இருவருக்கும் ஒயினில் ஆர்வம், ஓர் இரவு தங்கலாம்: பரோசா. ஏப்ரலில் வந்தால் இலைகள் பழுத்துப் பள்ளத்தாக்கே மஞ்சளாக இருக்கும். ஒற்றைப்படை வருட ஏப்ரலில் பரோசா அறுவடைத் திருவிழா நடக்கும், அப்போது அறை கிடைப்பது கடினம். முன்பே பதிந்துவிடுங்கள்.

முதல் தடவை ஒயின் குடிக்கப் போகிறவர்கள், எது பிடிக்கும் என்றே தெரியாதவர்கள்? இவர்களை எல்லோரும் பரோசாவுக்கு அனுப்புவார்கள், பெயர் பெரியது என்பதால். நான் மெக்லாரன் வேலுக்கு அனுப்புவேன். அங்கே திராட்சை வகைகள் கூட, கனம் குறைந்தவையும் கிடைக்கும், பிடிக்காவிட்டாலும் கடல் இருக்கிறது. பரோசாவின் பழங்கொடி ஷிராஸை முதல் ஒயினாகக் குடிப்பது, காபியே குடித்திராதவருக்கு முதல் டம்ளரில் முதல் டிகாக்‌ஷனை அப்படியே ஊற்றிக் கொடுப்பது போல.

சனிக்கிழமை வருகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வில்லங்காவிலும் ஆங்காஸ்டனிலும் உழவர் சந்தை ஒரே கிழமை, சனிக்கிழமை காலையில்தான். இரண்டும் மதியத்துக்குள் முடிந்துவிடும். செவ்வாய், புதன் வருகிறவர்கள் சிறிய தோட்டங்கள் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அரை நாள்தான் இருக்கிறது, இரவு விமானம் என்கிறவர்கள் இரண்டையுமே விட்டுவிடலாம். நகரத்தின் கிழக்கு ஓரத்தில் மகில் என்ற புறநகரில் பென்ஃபோல்ட்ஸ் என்ற ஒயின் நிறுவனத்தின் பழைய இடம் இருக்கிறது. 1844இல் தொடங்கியது, 1951இல் அதன் ஒயின் தயாரிப்பாளர் மேக்ஸ் ஷூபர்ட், கிரேஞ்ச் என்ற புகழ்பெற்ற சிவப்பு ஒயினை முதன்முதலில் சோதனையாகச் செய்ததும் இங்கேதான். சுற்றிலும் வீடுகள், நடுவில் கொஞ்சம் கொடிகள். நகர மையத்திலிருந்து டாக்சியில் இருபது நிமிடம். யாரும் வண்டி ஓட்ட வேண்டியதில்லை.